டிராமின் பின்னே ஓடியவர்

என் தமக்கையின் மகள் ஒருத்தி டொராண்டோ நகரில் கணக்காளராக இருக்கிறாள். அந்நாட்டில் ‘டேட்டிங்’ என்று வழங்குகிற ஏற்பாட்டின்படி, அதாவது பெரியோர் நடுவில் நில்லாமல் ஆணும் பெண்ணும் தாமே சந்தித்துப் பழகிப் பார்க்கும் வழக்கத்தின்படி, அவள் ஓர் இளைஞரை நான்கு முறை சந்தித்தாள். படித்தவர், பரிகாசம் தெரிந்தவர், உணவு விடுதிச் சிப்பந்திகளிடம்கூட மரியாதையாகப் பேசுகிறவர் என்று அவளே எனக்குச் சொல்லியிருந்தாள். ஐந்தாம் முறை இருவரும் விடுதியை விட்டு வெளியே வந்தபோது, சற்றுத் தொலைவில் டிராம் புறப்படுவதைக் கண்ட அவர், அதைப் பிடித்துவிடலாம் என்று ஓடினார். முதுகில் தொங்கிய பை ஒவ்வோர் எட்டுக்கும் துள்ளித் துள்ளிப் பிடரியில் மோதிற்று. ஒரு கையை உயரத் தூக்கி ஆட்டிக்கொண்டு, ஓட்டுநருக்குக் கேட்க வழியே இல்லாத மெல்லிய குரலில் கூவிக்கொண்டே அவர் ஓடினார். வண்டி நிற்காமல் போய்விட்டது. மூச்சிரைக்கத் திரும்பி வந்து சிரித்தார், அவளும் சிரித்தாள். அன்றிரவே, இனிச் சந்திக்க வேண்டாம் என்று அவருக்கு எழுதிவிட்டாள்.

“அவர் என்னம்மா தப்புப் பண்ணினார்?” என்று தொலைபேசியில் கேட்டேன்.

“ஒண்ணும் இல்லை மாமா. அந்தப் பை குதிச்சதைப் பார்த்ததுக்கு அப்புறம் மனசு ஒட்டலை. சொல்லவே வெட்கமா இருக்கு.”

அந்த வெட்கத்தில்தான் இந்த அத்தியாயத்தின் கேள்வி இருக்கிறது. நான்கு சந்திப்புகளில் சேர்ந்த நற்குணங்களை எல்லாம் தராசின் ஒரு தட்டிலும், துள்ளிய பையை மறு தட்டிலும் வைத்தால், பை எப்படிக் கீழே இறங்குகிறது? தேநீரை உறிஞ்சும் சத்தம், செருப்பின் நிறம், சிரிக்கும்போது தெரியும் ஈறு, கடிதத்தில் ஓர் எழுத்துப் பிழை ஆகிய இவற்றைச் சொல்லி ஒரு மனிதரையே விலக்கிவிட்டு, பிறகு தமக்குத் தாமே காரணம் சொல்ல முடியாமல் விழிப்பவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள்.

முதலில் ஒரு பெயர்

மணமோ நட்போ எவ்வளவு தூரம் முன்னேறியிருந்தாலும், ‘இது இருந்தால் வேண்டாம்’ என்று பேச்சை முறித்துவிடும் குறையை ‘முறிப்புக் குறை’ என்று வழங்குவோம். இதில் இரண்டு ஜாதி உண்டு. குடி, பொய், கைநீட்டும் சுபாவம் முதலியவை முதல் ஜாதி; அவற்றைக் கண்டு விலகுகிறவரை யாரும் குறை சொல்லமாட்டார்கள்; நமக்கு அவற்றில் புதிர் ஒன்றும் இல்லை. புதிராக இருப்பது இரண்டாவது ஜாதி: தீங்கு எதுவும் இல்லாத, மேற்பரப்பில் மாத்திரமே உள்ள, சில சமயம் கேட்பவர் சிரித்துவிடக்கூடிய அற்ப விஷயங்கள். ‘லவ் ஐலண்ட்’ என்னும் பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிகழ்ச்சி பரப்பிவிட்ட கொச்சைச் சொல் ஒன்றால், இவை உண்டாக்கும் திடீர் வெறுப்பை ஆங்கிலம் பேசும் இளைஞர்கள் ‘இக்’ என்கிறார்கள். அருவருப்பான பண்டத்தைக் கண்டதும் தொண்டையில் தானாகவே எழும் ஒலி அது. நம்முடைய ‘உவ்வே’யும் அவ்விதம் பிறந்ததே. சொல் கொச்சையானாலும், அது பிறந்த இடம் தொண்டை என்பதை மறவாமல் வைத்துக்கொண்டால் பின்னால் பயன்படும்.

ஐயாயிரம் பேரின் வாக்குமூலம்

பீட்டர் ஜோனசன் என்னும் உளவியல் அறிஞரும் அவருடைய சகாக்களும் 2015இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மணமாகாத அமெரிக்கர் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் குறைகளின் ஜாபிதா ஒன்றைக் கொடுத்து, இவற்றில் எவை உங்களுக்கு முறிப்புக் குறைகள் என்று கேட்ட விவரம் இருக்கிறது. கொடிய குற்றங்களைவிட அன்றாடச் சங்கதிகளே அந்த ஜாபிதாவில் அதிகம். கசங்கிய, அழுக்கான தோற்றத்தைப் பெண்களில் 71 சதவிகிதமும் ஆண்களில் 63 சதவிகிதமும் குறித்தார்கள். சோம்பலைப் பெண்களில் 72, ஆண்களில் 60. நகைச்சுவை உணர்ச்சி இல்லாமையைப் பெண்களில் 58, ஆண்களில் 50. மூன்று மணி நேரப் பயணத் தூரத்துக்கு அப்பால் வசிப்பது ஒரு குறையா என்றால், ஏறக்குறையப் பாதிப்பேர் ஆம் என்றார்கள். இதில் ஆண்கள் பெண்களைவிடச் சற்று முந்திக்கொண்டதற்குச் சோம்பலே காரணமோ என்று ஐயுற இடம் இருக்கிறது. அதிகம் பேசுகிறவர் ஆகாது என்றவர்கள் ஆண்களில் 26 சதவிகிதம், பெண்களில் 20. அதிகம் பேசாதவர் ஆகாது என்றவர்களும் அதே ஜாபிதாவில் உண்டு: ஆண்களில் 11, பெண்களில் 17. பேசினாலும் தவறு, பேசாவிட்டாலும் தவறு என்னும் இந்த இக்கட்டுக்குப் பின்னால் மறுபடி வருவோம்.

அந்த ஆராய்ச்சியின் முக்கியமான முடிவு சதவிகிதங்களில் இல்லை. ஒருவரைப் பற்றி நல்லதும் கெட்டதுமாகச் செய்திகள் கலந்து வரும்போது, அவரோடு பழகலாமா என்னும் தீர்மானத்தில் நல்ல செய்திகள் ஏற்றும் அளவைவிடக் கெட்ட செய்திகள் இறக்கும் அளவு அதிகம் என்பதே அவர்கள் கண்டது. நாம் எல்லாரும், நமக்கு வேண்டிய குணங்கள் இவை இவை என்று சொல்லிக்கொண்டு தேடப் புறப்படுகிறோம். காரியத்தில் இறங்கியதும், வேண்டாதவற்றைக் கழிக்கும் வேலையையே பெரும்பாலும் செய்துகொண்டிருக்கிறோம்.

குடம் பாலில் ஒரு துளி

ஒரு குடம் பாலில் ஒரு துளி நஞ்சு விழுந்தால் குடமே வீணாகிறது. ஒரு குடம் நஞ்சில் ஒரு துளி பாலை விட்டால் அதனால் யாதொரு மாற்றமும் இல்லை. நல்லதும் தீயதும் கலக்கும்போது கலவை தீயதன் பக்கமே சாய்ந்துவிடும் இந்த மனப்போக்குக்குக் ‘குறைச்சாய்வு’ என்று பெயர் இடலாம். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் பால் ரோசின் இதை அருவருப்பின் வழியாகவே ஆராய்ந்தவர். 1986இல் அவரும் இரண்டு சகாக்களும் பிரசுரித்த பரிசோதனைகளைப் படிக்கும்போது நமக்கே தொண்டை கூசும்.

பரிசோதனைக்கு வந்தவர்கள் பருகுவதற்காகப் பழரசம் வைத்திருந்தார்கள். கிருமி நீக்கிச் சுத்தம் செய்யப்பட்ட, செத்த கரப்பான் பூச்சி ஒன்றை எடுத்து, எதிரிலேயே அந்த ரசத்தில் ஒரு முறை தோய்த்து வெளியே எடுத்தார்கள். பூச்சி சுத்தமானது என்று நன்றாகத் தெரியும். ரசத்தின் சுவையில் ஓர் அணுவும் மாறவில்லை. ஆயினும் அதைக் குடிக்க வந்தவர்களுக்கு மனம் வரவில்லை. இன்னொரு பரிசோதனை இதைவிட விசித்திரமானது. இரண்டு காலிப் புட்டிகளில் சர்க்கரையை இட்டு, ‘சர்க்கரை’ என்றும் ‘சோடியம் சயனைடு’ என்றும் எழுதிய இரண்டு சீட்டுகளைப் பரிசோதனைக்கு வந்தவர்களிடமே கொடுத்து, எதில் எதை ஒட்டுவது என்பதை அவர்கள் விருப்பத்துக்கே விட்டார்கள். தம் கையாலேயே நஞ்சின் பெயரை ஒட்டியவர்கள், உள்ளே இருப்பது சர்க்கரைதான் என்று பிரத்தியட்சமாகக் கண்டிருந்தும், அந்தப் புட்டியிலிருந்து எடுத்துக் கலந்த நீரைப் பருகத் தயங்கினார்கள்.

என் மருமகளின் மனம் ஒட்டாமற்போனதை இந்தச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பை துள்ளியதனால் அந்த இளைஞரின் குணத்தில் ஓர் அணுவும் மாறவில்லை என்பது அவளுக்குத் தெரியும், தெரிந்ததனால்தான் வெட்கப்பட்டாள். ஆனால் அருவருப்பு என்பது வாதத்துக்குக் கட்டுப்பட்ட சக்தி அல்ல. கெட்டுப்போன உணவிலிருந்தும் தொற்று நோயிலிருந்தும் உடலைக் காக்க ஏற்பட்ட ஆதிகாலத்துக் காவல் அது. அறிவு வந்து விசாரிப்பதற்குள் கதவைச் சாத்திவிடுவதே அதன் தொழில். அந்தக் காவலே மனிதரைத் தேர்ந்தெடுக்கும் வாசலிலும் வந்து நின்றுகொள்கிறது என்பதற்குச் சான்று கிடைத்துவருகிறது. 2025இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று, இயல்பிலேயே அருவருப்பு மிகுந்தவர்களுக்கும், பிறரிடம் பூரணத்துவத்தை எதிர்பார்க்கிறவர்களுக்கும் இந்த ‘இக்’ எளிதில் உண்டாகிறது என்று சொல்கிறது.

பழுதையும் பாம்பும்

இயற்கை ஏன் இவ்வளவு அவசரக்காரனைக் காவலுக்கு வைத்தது? நம் வேதாந்திகள் மாயையை விளக்க எடுத்தாளும் பழைய உவமை இதற்கும் உதவும். அந்தி மங்கலில் வழியில் நீளமாக ஏதோ கிடக்கிறது. பழுதையைப் பாம்பென்று மயங்கினால் நஷ்டம் ஒரு துள்ளல். பாம்பைப் பழுதை என்று மயங்கினால் நஷ்டம் உயிர். இரண்டும் பிழைதான், ஆனால் இரண்டின் விலையும் ஒன்றல்ல. ஆகையால், விலை குறைந்த பிழையை நூறு முறை செய்தாவது விலை மிகுந்த பிழையை ஒரு முறையும் செய்யாதிருக்கும் சித்தமே தலைமுறை தலைமுறையாகப் பிழைத்து வந்தது. பரிணாமக் கண்கொண்டு மருத்துவத்தை ஆராய்ந்த ராண்டால்ஃப் நெஸி, சமையற்கட்டில் ரொட்டி கருகினாலும் அலறிவிடும் புகைமணியை இதற்கு உவமையாகச் சொன்னார். வேதாந்திகளின் பழுதையே எனக்கு உவப்பாக இருக்கிறது.

துணையைத் தேர்வதிலும் இந்தக் கணக்கு நடக்கிறது. நல்லவர் ஒருவரை விலக்கினால் ஒரு வாய்ப்புப் போயிற்று. தகாதவரோடு பிணைந்துவிட்டால் ஆயுளே போயிற்று. கருவைச் சுமப்பதும் பாலூட்டுவதும் பெண்ணின் பங்காக அமைந்துவிட்டபடியால் பிழையின் விலை அவளுக்கே அதிகம்; முறிப்புக் குறைகளை ஆண்களைவிடப் பெண்களே அதிகமாகக் குறிப்பதற்குப் பரிணாமவாதிகள் கூறும் காரணம் இதுவே. அது முழுக் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. முன்பின் அறியாத ஆணைத் தனியே சந்திக்கப் போகும் பெண் இன்றைய நகரத்தில் எதற்கெல்லாம் அஞ்ச வேண்டியிருக்கிறது என்பதை நினைத்தால், அவளுடைய எச்சரிக்கைக்கு ஆதிகாலம் வரை போக வேண்டிய அவசியமே இல்லை.

ஆயிரம் பேர் கூடிய மண்டபம்

இதுவரை ஒரு குறையைப் பற்றியே பேசினோம். வாழ்க்கையில் ஒருவருக்கு ஒரு முறிப்புக் குறையோடு தீர்வதில்லை. பத்துப் பன்னிரண்டாவது இருக்கும். அவை சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை மெதுவாகக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. ஏனென்றால் இந்த இடத்தில் நம் ஊகம் வெகுவாகத் தவறுகிறது.

ஒரு மண்டபத்தில், வயதும் ஊரும் ஒத்த, மணமாகாத ஆயிரம் பேர் கூடியிருப்பதாகப் பாவனை செய்துகொள்ளுங்கள். நீங்கள் வாசலில் நிற்கிறீர்கள். உங்களிடம் பத்து நிபந்தனைகள் இருக்கின்றன. எதுவும் கடுமையானதன்று, ஒவ்வொன்றும் ஐந்து பேரில் ஒருவரை மாத்திரமே வெளியே அனுப்பும், நால்வரை விட்டுவிடும். உரக்கச் சிரிக்கிறவர்கள் போகலாம் என்கிறீர்கள். 200 பேர் எழுந்து போகிறார்கள். 800 பேர் இருக்கிறார்கள். நகம் கடிக்கிறவர்கள் போகலாம், மிஞ்சுவது 640. இரவில் வெகுநேரம் விழித்திருப்பவர்கள் போனதும் 512. நாய் பிடிக்காதவர்கள் போனதும் ஏறக்குறைய 410. ஐந்தாவது நிபந்தனைக்குப் பிறகு 328. பாதி வழிதான் வந்திருக்கிறோம், மூன்றில் இரண்டு பங்கு நாற்காலிகள் காலி. பிறகு 262, 210, 168, 134 என்று இறங்கி, பத்தாவது நிபந்தனை முடியும்போது மண்டபத்தில் இருப்பவர்கள் 107 பேர். ‘நான் ஐந்தில் நால்வரை ஏற்றுக்கொள்ளும் தாராள மனம் படைத்தவன்’ என்று ஒவ்வொரு முறையும் மெய்யாகவே சொல்லிக்கொண்டவர், பத்தில் ஒன்பது பேரை விரட்டியிருக்கிறார்.

இதோடு முடியவில்லை, மிஞ்சிய 107 பேரும் வாய் மூடி நிற்கும் பொம்மைகள் அல்லர். அவர்களுக்கும் தலைக்குப் பத்து நிபந்தனைகள் உண்டு. அவற்றை வைத்து அவர்கள் உங்களை அளக்கிறார்கள். அவர்களும் உங்களைப் போலவே தாராள மனத்தினர் என்று கொண்டால், அந்த 107 பேரில் உங்களை ஏற்பவர்கள் பதினொருவரோ பன்னிருவரோதான். ஆயிரத்தில் பன்னிருவர்! அவர்களில் ஒருவரை நீங்கள் என்றைக்காவது ஒரு திருமணத்திலோ ரயிலிலோ சந்திக்க நேர்வது எவ்வளவு அபூர்வம்!

கணக்கில் ஓர் ஓட்டை இருப்பதை நுட்பமான வாசகர் கண்டிருப்பார். குறைகள் ஒன்றையொன்று அறியாமல் தனித்தனியே மனிதரிடம் சிதறிக் கிடக்கின்றன என்று வைத்துக்கொண்டே இதைப் போட்டோம். உண்மையில் சில குறைகள் கூட்டாகத் திரிகின்றன: சோம்பேறிக்குச் சட்டையும் கசங்கியிருக்கும். ஒரே 200 பேர் பத்து நிபந்தனைகளிலும் தவறுவார்களானால் 800 பேர் அப்படியே மிஞ்சுவார்கள். ஆகவே குறைகள் கூடித் திரியத் திரிய விடை 107இலிருந்து 800ஐ நோக்கி ஏறும். ஆனால் எதிர்த் திசையில் இழுக்கும் சங்கதியும் உண்டு. முன்பு சொன்ன பேச்சு விஷயம் அது. அதிகம் பேசுகிறவரும் ஆகாது, பேசாதவரும் ஆகாது என்று ஒருவரே இரண்டையும் கேட்டால், ஒரு நிபந்தனையில் தப்பியவரே மற்றதில் அகப்படுகிறார். விடை 107க்கும் கீழே போகிறது.

இங்கே நம் வீட்டு வழக்கம் ஒன்றைக் கவனிக்கலாம். திருமணத்துக்கு ஜாதகம் பார்க்கிறவர்கள் பத்துப் பொருத்தம் பார்க்கிறார்கள். கிரகங்களிடம் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆயினும் அந்த முறையின் எண்கணிதத்தில் ஓர் உலகானுபவம் இருக்கிறது. பத்தும் இருந்தாக வேண்டும் என்று நடைமுறையில் யாரும் பிடிவாதம் செய்வதில்லை. ஐந்தாறு இருந்தால் போதும், ரஜ்ஜு மாத்திரம் தட்டக்கூடாது என்று பலரும் சமாதானம் ஆகிவிடுகிறார்கள். நம் மண்டபத்தில் அதே பத்து நிபந்தனைகளை வைத்துக்கொண்டு, ‘பத்தில் ஏதாவது ஆறில் தேறினால் இருக்கலாம்’ என்று விதியை மட்டும் மாற்றிப் பாருங்கள். மிஞ்சுகிறவர்கள் 107 அல்லர், 967 பேர்! ரஜ்ஜுவைப் போல் ஒரே ஒரு நிபந்தனையைக் கட்டாயமாக்கி, மொத்தத்தில் ஆறு வேண்டும் என்றாலும் 780 பேருக்குக் குறையமாட்டார்கள். நிபந்தனைகள் அவைதாம், மனிதர்களும் அவர்கள்தாம். ‘ஒன்று தவறினாலும் போ’ என்பதற்கும் ‘மொத்தத்தில் தேறினால் இரு’ என்பதற்கும் உள்ள வேற்றுமை அவ்வளவு. முறிப்புக் குறையின் வலிமை அதன் கடுமையில் இல்லை. ஒவ்வொரு குறைக்கும் தனித்தனியே இல்லை என்று சொல்லிவிடும் அதிகாரத்தைக் கொடுத்துவிடுவதில் இருக்கிறது.

காகிதத்து மனிதரும் எதிரில் வந்தவரும்

இந்தக் கணக்கின்படி பார்த்தால் உலகத்தில் எவருக்குமே துணை கிடைத்திருக்கக்கூடாது. கிடைத்திருக்கிறது. ஆகையால் நாம் வாயால் சொல்கிறபடி காரியத்தில் நடப்பதில்லை என்று ஆகிறது.

டொராண்டோப் பல்கலைக்கழகத்தில் சமந்தா ஜோயல் என்னும் அம்மையாரும் சகாக்களும் இதைச் சோதித்து 2014இல் வெளியிட்டார்கள். மாணவர்களிடம் சிலரைப் பற்றிய குறிப்புகளைக் கொடுத்து, பழக விரும்பும் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். தேர்ந்தெடுத்த பிறகு அவருடைய படத்தைக் காட்டினார்கள், முகம் கவர்ச்சியற்றது. இங்கேதான் சூட்சுமம். மாணவர்களில் ஒரு பகுதியினரிடம், ‘இவர் இப்போது இங்கே இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள், உங்கள் முகவரி விவரங்களை இவரோடு பரிமாறிக்கொள்வீர்களா?’ என்று கேட்டார்கள். மற்றவர்களிடம், அவர் மெய்யாகவே ஆய்வுக்கூடத்தில் இருக்கிறார் என்று சொல்லி அதே கேள்வியைக் கேட்டார்கள். கற்பனை செய்தவர்களில் 16 சதவிகிதம் பேரே சம்மதித்தார்கள்; மெய் என்று நம்பியவர்களில் 37 சதவிகிதம் பேர் சம்மதித்தார்கள்.

அடுத்த பரிசோதனை நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. இதில் முகம் அல்ல. தமக்கு ஆகாதவை என்று மாணவர்கள் முன்கூட்டியே சொல்லிவைத்த குணங்களும் பழக்கங்களும் அவர்கள் தேர்ந்தெடுத்தவரிடம் இருப்பதாகத் தெரிவிக்கப்பட்டது. அதாவது அவரவர் சொந்த முறிப்புக் குறைகள்! கற்பனையில் 46 சதவிகிதம் பேர் சம்மதித்தார்கள். மெய்யில் 74 சதவிகிதம். நால்வரில் மூவர், தாமே போட்ட வேலியைத் தாமே தாண்டினார்கள்.

ஏன் என்று ஆராய்ந்தபோது ஒரு நயமான காரணம் அகப்பட்டது. எதிரே ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்ததும், மறுத்தால் அவர் மனம் நோகுமே என்னும் இரக்கம் எழுகிறது. அந்த இரக்கம் தமக்கு எழும் என்பதைத் தனியே உட்கார்ந்து கற்பனை செய்கிறவர்கள் முன்கூட்டி அறிவதில்லை. காகிதத்தில் எழுதப்பட்ட மனிதருக்கு மனம் கிடையாது. ஆகவே அவரைத் தயக்கமின்றி அடித்துவிடுகிறோம். கைபேசியின் திரையில் ஒரு விரலால் முகங்களைத் தள்ளிக்கொண்டே போகிறவர்களின் கடுமைக்கு இது பெருங்காரணம் என்று நினைக்கிறேன். இரக்கத்தால் தொடங்கும் பழக்கம் நல்லதா என்று வாசகர் கேட்கலாம். அதற்கு அந்தப் பரிசோதனை விடை சொல்லவில்லை. மறுக்கத் தெரியாமல் மாதக்கணக்கில் இழுத்தடித்து, பின்பு பெருந்துன்பத்தோடு பிரிகிறவர்களும் உலகில் உண்டு.

விரும்பும் குணங்களிலும் கதை இதுவே. 2008இல் பால் ஈஸ்ட்விக், எலி ஃபிங்கெல் என்னும் இருவர், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக மாணவர்களைத் தலைக்கு நான்கு நிமிஷமாக அடுத்தடுத்துப் பலரைச் சந்திக்கச் செய்தார்கள். அழகு முக்கியம் என்று எழுதியவர்கள் அழகரையும், வருவாய் முக்கியம் என்று எழுதியவர்கள் சம்பாதிக்கக்கூடியவரையும் மற்றவர்களைவிட அதிகம் விரும்பினார்களா என்று பார்த்தால், அப்படி ஒன்றும் இல்லை.

பழகப் பழக

நான்கு நிமிஷத்துக்கு மேலும் பழகினால்? பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் செய்த எளிய பரிசோதனை ஒன்று 1992இல் வெளிவந்தது. தோற்றத்தில் ஏறக்குறைய ஒத்த நான்கு பெண்களில் ஒருத்தி வகுப்புக்கு வரவே இல்லை. மற்ற மூவர் முறையே ஐந்து, பத்து, பதினைந்து முறை வந்து, எவரோடும் பேசாமலே எழுந்து போனார்கள். முடிவில் நால்வரின் படங்களையும் மாணவர்களிடம் காட்டியபோது, எவள் அதிக முறை வந்தாளோ அவளே அதிகம் கவர்ச்சியுள்ளவளாகத் தோன்றினாள்.

2015இல் 167 ஜோடிகளை ஆராய்ந்தவர்கள் இதன் தொடர்ச்சியைக் கண்டார்கள். முன்பின் அறியாமல் சந்தித்துச் சீக்கிரமே காதலித்தவர்கள் அழகில் ஒருவருக்கொருவர் ஈடாக இருந்தார்கள். நெடுநாள் நண்பர்களாகவோ அறிமுகமானவர்களாகவோ இருந்து பிறகு காதலித்தவர்களிடம் அந்த ஈடு வெகுவாகக் குறைந்திருந்தது. இதை நான் வாசிக்கிற விதம் இது: புதியவர் ஒருவரைப் பற்றி நமக்குத் தெரிந்தவை மொத்தம் ஐந்து விஷயங்கள் என்றால், துள்ளும் பை அவற்றில் ஒன்று, ஐந்நூறு விஷயங்கள் தெரிந்த பிறகு அதே பை ஐந்நூற்றில் ஒன்று. கூடப் பணிபுரியும் ஒருவர் டிராமின் பின்னே ஓடியிருந்தால், என் மருமகள் மறுநாள் காப்பி வேளையில் அதைச் சொல்லிச் சிரித்துவிட்டு மறந்திருப்பாள்.

கப்பல் தலைவர் கண்ட மூக்கு

இயற்கையின் தேர்வைப் பற்றி உலகுக்குச் சொன்ன மனிதரே ஒரு முறை அற்பக் குறைக்குப் பலியாக இருந்தார். 1831இல் ‘பீகிள்’ கப்பல் உலகப் பயணத்துக்கு ஆயத்தமானபோது, துணையாக ஓர் இயற்கை நூலறிஞரைத் தேடிய அதன் தலைவர் ஃபிட்ஸ்ராய், இருபத்திரண்டு வயதான சார்லஸ் டார்வினை நேரில் பார்த்ததும் தயங்கினார். முக அமைப்பிலிருந்து குணத்தை அறியலாம் என்ற சுவிட்சர்லாந்துப் பாதிரியார் லவாட்டரின் கொள்கையில் ஃபிட்ஸ்ராய்க்குத் தீவிர நம்பிக்கை. இப்படிப்பட்ட மூக்கு உடையவனிடம் நீண்ட பயணத்துக்கு வேண்டிய ஊக்கமும் உறுதியும் இருக்குமா என்பது அவர் சந்தேகம். நேரில் சிறிது பழகியதும் சந்தேகத்தை விட்டுவிட்டார். மூக்கு பொய்ச்சாட்சி சொன்னதைக் கப்பல் தலைவர் பின்னால் உணர்ந்துகொண்டார் என்று டார்வின் முதுமையில் வேடிக்கையாக எழுதிவைத்தார்.

பயணம் முடிந்து வந்த டார்வின் 1838இல் ஒரு காகிதத்தில் இரண்டு பத்திகள் கீறி, மணம் செய்துகொள்வதன் லாப நஷ்டங்களை எழுதினார். நேரம் வீணாகும், மாலையில் படிக்க முடியாது, புத்தகம் வாங்கப் பணம் இராது, உறவினரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பன ஒரு பக்கம். முதுமையில் துணை, பேச ஆள், எப்படியும் நாயைவிட மேல் என்பன மறுபக்கம். காகிதத்து மனைவியைப் பற்றி அப்படி எழுதியவர், அதே ஆண்டு நவம்பரில் தம் மாமன் மகள் எம்மா வெட்ஜ்வுட்டிடம் சென்று கேட்டார், அவள் சம்மதித்தாள்.

எம்மா தன் சிற்றன்னைக்கு எழுதிய கடிதம் இந்த அத்தியாயத்துக்கென்றே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது. மணமகனின் இனிய சுபாவத்தைப் புகழ்ந்த பிறகு, கூட வாழ்கிறவருக்குச் சுகம் தரும் சிறு குணங்கள் என்று இரண்டைச் சேர்க்கிறாள்: பிராணிகளிடம் இரக்கம் ஒன்று, எதிலும் நொட்டை சொல்லாத இயல்பு மற்றொன்று. பிறகு, ஒளித்துவைத்திருந்த பெருங்குறையைச் சொல்லியாக வேண்டும் என்று பாவனையாகப் பெருமூச்செறிந்து வெளியிடுகிறாள்: அவருக்கு நாடகம் பார்க்கப் பிடிக்காதாம், அதனால் குடும்பத்தில் பூசல் விளையக்கூடுமாம்.

மெய்யான குறை வேறு இருந்தது. எம்மா ஆழ்ந்த சமயப்பற்று உள்ளவள். டார்வினுக்கோ மதத்தில் சந்தேகங்கள் தோன்றியிருந்தன. மறைத்துவிடு என்று தந்தை சொல்லியும் கேளாமல் அவர் அதை அவளிடம் சொல்லிவிட்டார்; அவள் வருந்தினாள், வருத்தத்தை எழுதியும் காட்டினாள். நாடகம் முறிக்கவில்லை, மதமும் முறிக்கவில்லை. 1839 ஜனவரியில் மணம் நடந்தது; 1882இல் அவர் இறக்கும்வரை நாற்பத்து மூன்று ஆண்டுகள், பத்துக் குழந்தைகள். அவர்கள் இரவுதோறும் பகடை உருட்டி ஆடும் பாக்கமன் என்னும் ஆட்டத்தில் இறங்குவார்கள்; யார் எத்தனை வென்றார் என்று டார்வின் கணக்கு வைத்தார். 1876இல், அமெரிக்கத் தாவரவியல் அறிஞர் ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்தில் அந்தக் கணக்கைக் குதூகலத்தோடு தெரிவிக்கிறார்: எம்மா பாவம், 2490 ஆட்டங்களே வென்றிருக்கிறாள், தாம் வென்றவை 2795.

இதைத் தொலைபேசியில் சொன்னபோது என் மருமகள் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “அது சரி மாமா, அவர் டிராம் பின்னாடி ஓடினாரா?” என்றாள்.